பெரிய வீடு குரூப்: கேஸ் தீந்த அன்னைக்கு

12 ஜூன் 2025, வியாழன்

மேலூர் சித்தி (காலை 6:48): யாராச்சும் முழிச்சிருக்கீங்களா, பருப்பு பாதி வேகுறப்ப கேஸ் தீந்துபோச்சு, 8 மணிக்கு சின்னவனுக்கு ஸ்கூல் வேன், வேற சிலிண்டரும் கிடையாது, இவரு நைட் ஷிஃப்ட்ல இருந்து இன்னும் வரல, கையும் ஓடல காலும் ஓடல

அம்மா (காலை 6:50): ஏம்மா பதறாத. பொங்கலுக்கு வாங்குன கரண்ட் அடுப்பு இருக்குல்ல அத எடு. பருப்ப எறக்கி மூடி வையி, சூட்டுலயே கொஞ்சம் வேகும், சாயங்காலம் பாத்துக்கலாம். சோத்த மட்டும் வடி

மேலூர் சித்தி (காலை 6:51): குக்கர் அலுமினியம்க்கா, அந்த அடுப்பு ஏத்துக்க மாட்டேங்குது, பீப் பீப்னு கத்திட்டு நின்னுருது

நான் (காலை 6:52): சித்தி, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டிருக்க காந்த பொம்மைய எடுத்து ஒவ்வொரு சட்டி அடியிலயும் வச்சுப் பாருங்க. எதுல கப்புனு ஒட்டுதோ அந்த சட்டிய இண்டக்‌ஷன் ஏத்துக்கும். எவர்சில்வர்லயும் சிலது ஒட்டும் சிலது ஒட்டாது, அதனால ஒண்ணு ஒண்ணா வச்சுப் பாருங்க

மேலூர் சித்தி (காலை 6:57): பால் காச்சுற சட்டில ஒட்டுதுடி!! அதுலயே அரிசியப் போட்டுட்டேன்

மேலூர் சித்தி (காலை 8:14): வேன் போயிருச்சு. எலுமிச்ச சோறு, ஒரு முட்டை. சாமி புண்ணியம். சரி இது எனக்கு மூணாவது தடவ, கேஸ் தீரப் போகுதுன்னு முன்னாடியே எப்படித்தான் கண்டுபிடிக்கிறது? முன்னெல்லாம் ஆட்டிப் பாப்பேன், முதுகு வலி வந்ததுல இருந்து அதையும் அசைக்க முடியல

திண்டுக்கல் மாமா (காலை 8:31): ஆட்டவே வேணாம்மா. இத்தன வருஷம் கேஸ் குடோன்ல இருந்தவன் சொல்றேன் கேளு. ஒரு துணிய நல்லா நனைச்சு சிலிண்டர மேல இருந்து அடி வரைக்கும் ஒரே இழுப்பா தொடச்சு விடு. ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சுப் பாத்தா மேல் பாகம் காஞ்சிருக்கும், கீழ ஒரு இடத்துல இருந்து ஈரம் காயாம அப்படியே நிக்கும். அந்த ஈரக் கோடுதான் உள்ள இருக்குற கேஸோட மட்டம். உள்ள அது தண்ணி மாதிரி திரவமாத்தான் கெடக்கு, அது நிக்கிற இடம் சீக்கிரம் சூடேறாது அதனால ஈரம் லேசுல காயாது. கோடு அடில இருந்து நாலு விரக்கடைக்கு வந்துருச்சுன்னா அன்னைக்கே புக் பண்ணிரு

மேலூர் சித்தி (காலை 8:34): இவ்வளவுதானாண்ணே!! இத்தன வருஷமா தெரியாம போச்சே

திருப்பூர் தம்பி (காலை 8:40): மாமா எங்க ரூம்ல தீர்ற நேரத்துல சிலிண்டர படுக்கப் போட்டு எரிப்பானுங்க, இன்னும் ரெண்டு நாளைக்கு வரும்னு. சுடுதண்ணி ஊத்துறவனும் இருக்கான்

திண்டுக்கல் மாமா (காலை 8:43): தம்பி இன்னைக்கே நிறுத்தச் சொல்லு. நான் கெஞ்சிக் கேக்குறேன். நிக்க வச்சாதான் ஆவியா வெளிய வரும், படுக்கப் போட்டா திரவமாவே ரெகுலேட்டருக்குள்ள எறங்கும், அந்தத் திரவம் வெளிய வந்தா சுமார் 250 மடங்கு விரியும்யா. அடுப்புல தீ எம்புட்டு உசரம் எந்திரிக்கும்னு நெனச்சுப் பாரு. சுடுதண்ணியும் கூடாது, உள்ள பிரஷர் ஏறும். ரெண்டு நாள் கேஸுக்காக உசுர வைக்காதீங்க

திருப்பூர் தம்பி (காலை 8:45): சரி மாமா. சாயங்காலம் போனதும் நானே நிமித்தி வச்சிடுறேன், அவனுங்களுக்கு இந்த மெசேஜையே காட்டுறேன்

திண்டுக்கல் மாமா (காலை 8:52): இன்னொண்ணு, எல்லாரும் படிங்க. கேஸ் வாடை வந்தா ஸ்விட்ச்ச போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ஃபேன் ஓடுனா ஓடட்டும் அத தொடாதீங்க. ரெகுலேட்டர மூடிட்டு கதவு ஜன்னலத் தொறந்து விட்டுட்டு வெளிய வந்து 1906க்கு ஃபோன் பண்ணுங்க, ராப்பகலா எடுப்பாங்க. கேஸ் காத்த விட கனம், தரையோட தரையா தங்கும், அதனால தலைமாட்டுல வாடை கம்மியா இருக்குன்னு ஏமாந்துராதீங்க. ஆரஞ்சு கலர் டியூப் வாங்கி அஞ்சு வருஷம் ஆச்சுன்னா மாத்திருங்க, டியூப் மேலயே தேதி அடிச்சிருக்கும்

நான் (காலை 8:55): மாமா எங்க வீட்ல டியூப்ப இப்பதான் குனிஞ்சு பாத்தேன், 2019னு இருக்கு. இன்னைக்கே மாத்தச் சொல்றேன்

திண்டுக்கல் மாமா (காலை 8:56): நல்லவேள. உடனே மாத்தும்மா

அம்மா (காலை 10:20): கேஸு சீக்கிரம் தீருதுன்னு சொல்றவங்களுக்கு நான் ஒண்ணு சொல்றேன். துவரம்பருப்ப காலையில எந்திரிச்ச உடனே முகம் கழுவுறதுக்கு முன்னாடி ஊறப்போட்டுருங்க, காபி குடிச்சு வாசத்தெளிச்சு கோலம் போட்டு வர்றதுக்குள்ள அரை மணி ஆயிரும், அதுக்கப்புறம் குக்கர்ல வச்சா சீக்கிரமே வெந்துரும், மொத விசில் வந்ததும் அடுப்ப சிம்ல வச்சிரணும் ஃபுல்லா எரிய விட்டா விசில்தான் கத்தும் பருப்பு ஒண்ணும் வேகமா வேகாது, அப்புறம் அணைச்சிட்டு ஆவி தானா எறங்குற வரைக்கும் விடணும் அந்த ஆவிலயே மீதி வேகும், கரண்டிய வச்சு வெயிட்ட தூக்கி விடுறத உங்க சித்தப்பா வீட்ல பாத்தேன் மனசே பதறுது அப்படிப் பண்ணாதீங்கம்மா. ஒரே குக்கர்ல கீழ பருப்பு மேல தட்டுல உருளக்கெழங்கு அதுக்கு மேல கிண்ணத்துல சின்னவனுக்கு பீட்ரூட்டு, எல்லாம் ஒரே வேகல்ல முடிஞ்சிரும்

மேலூர் சித்தி (காலை 10:24): நான்தான்க்கா அந்த வெயிட்ட தூக்குறது. இனிமே தூக்கல

திண்டுக்கல் அத்தை (காலை 10:41): ஃபிரிட்ஜ்ல இருக்க குழம்ப அப்படியே எடுத்து அடுப்புல வைக்காம அரை மணி முன்னாடி வெளிய எடுத்து வச்சாலே கொஞ்சம் கேஸ் மிச்சம். தீ நீலமா எரியணும், மஞ்சளா எரிஞ்சு சட்டி அடி கரிப்பிடிச்சா பர்னர் ஓட்டை அடச்சிருக்குன்னு அர்த்தம், ஆறுன பெறகு கழட்டி பழைய பல் பிரஷ்ஷால தேச்சு, நல்லா காய வச்சு மாட்டுங்க. நான் மாசத்துக்கு ஒருக்கா அமாவாசைக்கு அடுப்பு கழுவுறப்ப இதையும் பண்ணிருவேன், அதனால மறக்காது

திண்டுக்கல் அத்தை (காலை 10:46): எனக்கு கேஸ விட கரண்ட் பில்லுதான் கவலையா இருக்கு. இந்தத் தடவ 520 யூனிட்டு. ரெண்டு மாசம் முன்னாடி 480 தான் வந்துச்சு, 40 யூனிட்டுக்கு இவ்வளவு காசு கூடுமான்னு உங்க மாமா கேக்குறாரு

நான் (காலை 11:05): அத்தை 500 தாண்டுனா தாண்டுன யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு கூடுறதில்ல, 101ல இருந்து 200 வரைக்கும் கிடைக்கிற குறைஞ்ச ரேட்டும் போயிரும். அதான் அப்படி. உங்க ஹால் ஃபேன் பழசுல்ல, அது ஒரு 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுனா ரெண்டு மாசத்துக்கு 67 யூனிட்டு அது ஒண்ணே தின்னுது. பிஎல்டிசின்னு கரண்ட் கம்மியா இழுக்குற ஃபேன் இருக்கு, அது 30 வாட்தான், அதே ஓட்டத்துக்கு 27 யூனிட்டு. ஒரே ஒரு ஃபேன மாத்துனா 40 யூனிட்டு குறையும், நீங்க 500க்கு கீழ வந்துருவீங்க

திண்டுக்கல் அத்தை (காலை 11:08): அப்ப அந்த ஹால் ஃபேனத்தான் மாத்தணும். ரீடிங் எடுத்த தேதிய காலண்டர்ல குறிச்சு வச்சு நடுவுல ஒரு தடவ நானே மீட்டரப் பாத்துக்கிறேன், அப்பதான் எங்க போறோம்னு தெரியும்

திருப்பூர் தம்பி (காலை 11:30): மோட்டார் போட்டா ஃபோன்ல டைமர் வைங்க. எங்க ஹவுஸ் ஓனர் வீட்ல டேங்க் வழிஞ்சு தண்ணி தெருவுக்கு வருது டெய்லி

அம்மா (மதியம் 1:15): இதெல்லாம் பேசுனது நல்லதுதான். எனக்கு வேற ஒரு கவலை இருக்கு, ரெண்டு நாளா சொல்லலாமா வேணாமான்னு இருந்தேன். அப்பத்தா போன வாரம் ராத்திரி பிரஷர் மாத்திரைய ரெண்டு தடவ போட்டுட்டாங்க. சாப்ட்டு ஒண்ணு, படுக்கப் போறப்ப ஒண்ணு. காலையில எந்திரிக்கிறப்ப கிறுகிறுன்னு வந்து சுவத்தப் புடிச்சுட்டு நின்னாங்க. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போயி இப்ப நல்லா இருக்காங்க. ஆனா எனக்குத்தான் ராத்திரி தூக்கம் வரல

நான் (மதியம் 1:16): ஏம்மா எனக்கு சொல்லல!!

சென்னை அண்ணி (மதியம் 1:22): அத்தை இப்ப பிரஷர் எவ்வளவு இருக்கு? எப்படி மாறிப்போச்சு, அவங்க கலர வச்சு கரெக்டா எடுப்பாங்களே

அம்மா (மதியம் 1:27): அதான்மா வினையே. அவங்களுக்கு எழுத்து தெரியாதுல்ல, ரோஸ் கலர் காலையில, வெள்ளை ராத்திரின்னு பழக்கி வச்சிருந்தேன். இந்த மாசம் மெடிக்கல்ல வேற கம்பெனி குடுத்துட்டாங்க, மருந்து அதேதானாம், ஆனா இப்ப ரெண்டுமே வெள்ளை. போட்டமா போடலையான்னு ஞாபகமும் இல்ல. இப்ப பிரஷர் 130க்கு 80

சென்னை அண்ணி (மதியம் 1:38): 130/80 சரியா இருக்கு அத்தை, பயப்படாதீங்க. எங்க ஆஸ்பத்திரி வார்டுலயும் வயசானவங்க இதையேதான் சொல்லி வருவாங்க. அட்டையில பெருசா இருக்குறது கம்பெனி வச்ச பேரு, அதுக்குக் கீழ சின்னதா இருக்குறதுதான் மருந்து பேரும் மில்லிகிராமும். அந்த சின்ன எழுத்த மட்டும் ஒரு பேப்பர்ல எழுதி ஃபிரிட்ஜ்ல ஒட்டுங்க, மெடிக்கல்ல இருந்து வந்ததும் வீட்ல யாராச்சும் ஒத்துப் பாக்கணும். மாத்திரை அட்டைய வெட்டுறப்ப தேதி அச்சடிச்ச ஓரத்த கடைசி வரைக்கும் விட்டு வைங்க, இந்தப் பக்கத்துல இருந்து வெட்டிட்டு வாங்க. அப்புறம் போட்டமா இல்லையான்னு சந்தேகம் வந்தா இன்னொண்ணு போட்டுறக் கூடாது, உங்கள்ட்ட கேக்கணும்னு சொல்லி வைங்க. கலர இனிமே நம்பவே வேணாம்

சென்னை அண்ணி (மதியம் 1:41): அன்னன்னைக்கு மாத்திரைய மட்டும் ரெண்டு சின்ன டப்பால போட்டு வச்சிருங்க. டப்பா காலின்னா போட்டாச்சு. அவ்வளவுதான்

நான் (மதியம் 1:50): டப்பால ரப்பர் பேண்ட் மாட்டுவோமா, காலைக்கு ஒண்ணு ராத்திரிக்கு ரெண்டு. தடவிப் பாத்தாலே தெரியும், லைட் போட வேணாம்

அம்மா (மதியம் 2:30): அவங்கள்ட்டயே கேட்டேன். ரப்பர் பேண்ட் சரின்னாங்க. ஆனா டப்பாவ ஃபிரிட்ஜ் மேலயும் அலமாரிலயும் வைக்காத, என் கை போற எடத்துல வையின்னாங்க. காலை டப்பா காபித்தூள் டப்பாக்குப் பக்கத்துல, ராத்திரி டப்பா விளக்கு மாடத்துல

சென்னை அண்ணி (மதியம் 2:33): விளக்கு மாடம் வேணாம் அத்தை, மாத்திரைக்கு சூடு ஆகாது. கை போற எடம்ங்குறது அப்பத்தா சரியா சொல்லிருக்காங்க, வேற எடம் பாருங்க. தினமும் ராத்திரி தவறாம என்ன எடுப்பாங்க?

அம்மா (மதியம் 2:34): வெத்தலைப் பெட்டி

நான் (மதியம் 2:34): வெத்தலைப் பெட்டிதான்!!

சென்னை அண்ணி (மதியம் 2:36): அப்ப அதுலயே வைங்க. வெத்தல ஈரமா இருக்கும், சுண்ணாம்பும் இருக்கு, அதனால மூடி இறுக்கமா இருக்க டப்பாவா பாத்து பாக்கு வைக்கிற பக்கத்துல வைங்க. பேரப்புள்ளைங்க வந்தா பெட்டிய மேல தூக்கி வச்சிரணும், அத மட்டும் மறக்காதீங்க

திருப்பூர் தம்பி (மதியம் 2:50): பெரியம்மா இனிமே நான் ராத்திரி 9 மணிக்கு அப்பத்தாக்கு வீடியோ கால் பண்றேன். வேலை முடிஞ்சு சும்மாதான் இருக்கேன். டப்பாவத் தொறந்து காட்டச் சொல்றேன்

அம்மா (மதியம் 2:52): பண்ணுய்யா. உன் முகத்தப் பாத்தா அவங்களுக்கும் சந்தோஷம்

13 ஜூன் 2025, வெள்ளி

மேலூர் சித்தி (காலை 11:40): சிலிண்டர் வந்துருச்சு. அண்ணே நீங்க ஃபோன்ல சொன்னபடி எட போடச் சொன்னேன், அந்தப் பையன் வண்டில தராசு வச்சிருந்தான், மூஞ்ச சுளிக்காம போட்டுக் காட்டுனான். 29.6 கிலோ. சிலிண்டர்ல வெறும் எட 15.4னு அடிச்சிருக்கு

திண்டுக்கல் மாமா (காலை 11:44): கழிச்சா 14.2, கணக்கு சரி. கைப்பிடிக்குக் கீழ பட்டைல ஒரு எழுத்தும் நம்பரும் இருக்கும் பாரு

மேலூர் சித்தி (காலை 11:47): C-27

திண்டுக்கல் மாமா (காலை 11:49): 2027 ஜூலைல இருந்து செப்டம்பருக்குள்ள அந்த சிலிண்டர டெஸ்டுக்கு அனுப்பணும்னு அர்த்தம். A ன்னா ஜனவரி டு மார்ச், B ஏப்ரல் டு ஜூன், D அக்டோபர் டு டிசம்பர். தேதி தாண்டுனத வாங்காத, திருப்பிக் குடுத்துரு. இது நல்ல சிலிண்டர். மாட்டுனதும் சோப்பு நுரைய வாய்ப்பக்கம் தடவிப் பாரு, முட்டை விட்டுச்சுன்னா லீக்

மேலூர் சித்தி (மதியம் 12:05): முட்டை விடல. இன்னைக்குத் தேதிய காலண்டர்ல எழுதி வச்சிட்டேன், இது எத்தன நாளைக்கு வருதுன்னு பாத்துக்கிட்டா அடுத்ததுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்ல. ரெண்டாவது சிலிண்டருக்கும் எழுதிக் குடுக்கச் சொல்லிருக்கேன் இவர்ட்ட

அம்மா (இரவு 9:12): தம்பி கால் பண்ணுனான். அப்பத்தா வெத்தலைப் பெட்டியத் தொறந்து டப்பாவ கவுத்துக் காட்டுனாங்க. காலி