வேட்டை, நெருப்பு, தாளம்: பூமராங்கை நேரில் பார்த்த அனுபவம்

மத்திய ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் பக்கம் போகிறவர்கள், பூர்வகுடிப் பெரியவர்கள் பூமராங் என்ற வளைந்த எறிகட்டை பற்றிச் சொல்லித்தரும் வாய்ப்பு கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். நாங்கள் போயிருந்தபோது வார்ல்பிரி இனத்துப் பெரியவர் ஒருவர் முல்கா மரத்தில் செதுக்கிய ஒன்றைக் கையில் கொடுத்தார். நல்ல கனம். செங்காவி பூசி, மேல்பக்கம் முழுக்க நீளவாக்கில் நெருக்கமாகப் பள்ளக்கோடுகள். வளைவை ஒட்டியே மரத்தின் ரேகையும் வளைந்து ஓடியது. இயற்கையாக வளைந்த கிளையையோ வேர்ப்பகுதியையோ தேடித்தான் வெட்டுவார்களாம். நேரான மரத்தில் வளைத்து அறுத்தால் எதிலாவது மோதியதும் முறிந்துவிடும்.

அது திரும்பி வராது. கங்காரு வேட்டைக்கானது, நேராகப் பறந்து போய் அடிக்க வேண்டும். மத்திய ஆஸ்திரேலியாவில் பெரும்பாலும் இந்த ரகம்தான். திரும்பி வருவது எடை குறைந்தது. அதற்கும் விளையாட்டைத் தாண்டி வேலை உண்டு: ஆற்றின் குறுக்கே வலை கட்டிவிட்டு வாத்துக்கூட்டத்துக்கு மேலே வீசுவார்கள். பருந்து என்று பயந்து வாத்துகள் தாழப் பறந்து வலையில் சிக்கும்.

எனக்கு மறக்கவே முடியாதது நெருப்பு மூட்டியதுதான். காய்ந்த கட்டையின் வெடிப்பில் உலர்ந்த கங்காரு சாணத்தைப் பொடித்து வைத்து, பூமராங்கின் ஓரத்தை ரம்பம் மாதிரி குறுக்கே வைத்து இரண்டு பேர் மாறி மாறி இழுத்தார்கள். முதலில் மரம் கருகும் வாசனை, அப்புறம் கருந்தூள், புகை. ஊதியதும் பற்றிக்கொண்டது. அதே பூமராங்கால் பெரியவர் மண்ணைத் தோண்டினார், கனலை ஒதுக்கினார். சாயங்காலம் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டித் தாளம் போட்டுப் பாடினார்.

7 வடிவில் கொக்கி வைத்த ஒன்றும் இருந்தது, சண்டைக்கானது. எதிராளி கேடயத்தால் தடுத்தால் கொக்கி அதில் மாட்டி, மறுமுனை சுழன்று வந்து தாக்கும்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் எடுத்த, நம்மூர் எறிகட்டையான வளரியின் படத்தை அந்தப் பெரியவரிடம் போனில் காட்டினேன். கனமான முனையைப் பார்த்ததும் இதுவும் வேட்டைக்குத்தான் என்று உடனே சொல்லிவிட்டார்.

இந்தக் கைத்திறனின் வயதை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பு நிலத்தில் 1970-களில் கிடைத்த மர பூமராங்குகளுக்கு ஏறக்குறைய 10,000 வயது. காற்றுப் புகாத சேற்றில் புதைந்திருந்ததால்தான் மக்காமல் தப்பின.

வாங்குவதானால் பூர்வகுடியினரே நடத்தும் கலைமையங்களில் வாங்குங்கள். இந்தோனேசியாவில் செய்த பூமராங்குகளைப் பூர்வகுடிக் கைவேலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-ல் நீதிமன்றம் 23 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. செய்தவர் யார், எந்த ஊர்க்காரர் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.