வெள்ளம் வடிந்த வீடு: பூசி ஆறு வாரத்தில் பெயின்ட் உரிகிறது, கிளெய்ம் இன்னும் முடியவில்லை

கேள்வி – சைட் இன்ஜினியர்

வேளச்சேரி, தரைத்தள வீடு, 9 அங்குலச் செங்கல் சுவர். உள்ளே 3 அடி தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பாரத் கிருஹ ரக்ஷா (வீட்டு இன்சூரன்ஸ்) பாலிசி. தண்ணீர்க் கறை வரைக்கும் பூச்சை உடைத்துப் பூச இன்சூரன்ஸ் சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்) ஒப்புக்கொண்டார். அப்படியே 3 அடிக்கு உடைத்து 1:5 சிமென்ட்-மணல் கலவையில் பூசி, பத்தாவது நாளே பட்டி (பெயின்ட்டுக்கு அடியில் பூசும் மாவு), பிரைமர், இரண்டு கோட் எமல்ஷன்.

இப்போது கறைக்கோட்டுக்கு மேலே, பழைய பூச்சில், சுற்றிலும் ஓரடிப் பட்டையாகக் கொப்புளம். நகத்தால் கீறினால் பட்டி மாவாகக் கொட்டுகிறது; அடியில் வெள்ளைத் தூள். கீழே புதுப் பூச்சிலும் அங்கங்கே உண்டு. பெயின்ட் சரியில்லை என்கிறார் கான்ட்ராக்டர். மறுபடி உடைக்கணுமா? அந்தச் செலவை கிளெய்மில் சேர்க்க முடியுமா? இறுதி பில் இன்னும் போகவில்லை.

பதில் 1 – பூச்சு வேலை

பெயின்ட்டை விடுங்க சார். அந்த வெள்ளைத் தூளில் ஒரு சிட்டிகை எடுத்து டம்ளர் தண்ணியில் போடுங்க. கரைஞ்சா உப்பு, அடியில் தங்கினா பட்டி. நீங்க சொல்ற இடத்துக்கு பெரும்பாலும் கரையும்.

செங்கல் தண்ணியை உறிஞ்சி மேலே ஏத்தும். 3 அடி நின்னா ஈரம் 4, 4½ அடி வரைக்கும் போயிருக்கும். கறை மட்டும்தான் 3 அடியில் தெரியும். கீழே புதுப் பூச்சு, அதுக்கு மேல எமல்ஷன்னு ரெண்டு பக்கமும் மூடினதால ஈரம் பழைய பூச்சு வழியா வெளியே வருது. வரும்போது உப்பையும் கூட்டிட்டு வந்து பட்டிக்கு அடியில் படிய வைக்குது. படிகம் பெருசாகும்போது பட்டியைத் தள்ளுது, அதான் கொப்புளம். கறைக்கோட்டோட நிறுத்தினது ஒரு தப்பு, பத்து நாளில் பட்டி வெச்சது அதைவிடப் பெரிய தப்பு.

கறைக்கு மேலே ஒன்றரை அடி, அதாவது 4½ அடி வரைக்கும் பூச்சை எடுத்துடுங்க. செங்கல் இடுக்கை 10 மி.மீ. ஆழம் சுரண்டுங்க. உப்பைக் காய்ந்த தேங்காய்நார் பிரஷ்ஷால் தட்டி, முறத்தில் அள்ளி வெளியே கொட்டுங்க. கழுவாதீங்க, கரைஞ்ச உப்பு திரும்ப சுவருக்குள்ளேயே போகும். பிறகு ஜன்னலைத் திறந்து ஃபேன் ஓட விடுங்க.

எத்தனை நாள்னு காலண்டர் பார்த்து முடிவு பண்ணாதீங்க. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் போட்டு சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுங்க. உள்பக்கம் நீர் முத்து நின்னா சுவர் இன்னும் ஈரம். மூலை, ஜன்னல் அடி, குளியலறைப் பொதுச் சுவர், மூணு இடத்திலும் காய்ஞ்சாத்தான் பூச்சு.

உதாரணத்துக்கு, 10க்கு 12 அடி அறைக்குக் கதவு போக 41 அடி சுற்று. 4½ அடின்னா 185 சதுர அடி. 12 மி.மீ. பூச்சுக்கு, இடுக்கு நிரப்புறதையும் சேர்த்து, ரெண்டு மூட்டைக்குள்ள சிமென்ட், 10 கன அடி பூச்சு மணல். 7 நாள் தண்ணி அடிங்க. பட்டிக்கு முன்னாடி 28 நாள் விடுங்க. கலவைக்கும் கியூரிங்குக்கும் உப்புக் கரிக்கிற போர் தண்ணி வேண்டாம், லாரித் தண்ணி வாங்குங்க. அதிலயே மறுபடி உப்பு ஏத்தினா இந்த வேலை எல்லாம் வீண்.

பதில் 2 – கிளெய்ம் சர்வே

மேலே சொன்னது சரி. ஆனால் சர்வேயர் மறுபடி பார்க்கும் முன் ஒரு சுத்தியல் அடிகூட விழக்கூடாது.

உங்கள் செலவு இரண்டு வகை. 3 அடிக்கும் 4½ அடிக்கும் இடைப்பட்ட பகுதி வெள்ளச் சேதம்தான். முதல் ஆய்வில் கண்ணுக்குத் தெரியாமல் போனது. அந்த அறைக்கு 61 சதுர அடி. இதைக் கூடுதல் சேதமாகக் கேட்கலாம். ஆனால் 3 அடிக்குக் கீழே சீக்கிரம் மூடியதால் போன பட்டியும் பெயின்ட்டும் கான்ட்ராக்டர் தவறு. அதை இன்சூரன்ஸ் தராது. இரண்டையும் ஒரே பில்லில் போட்டால் மொத்த பில்லும் சந்தேகத்துக்கு உள்ளாகும். தனித்தனியாகப் போடுங்கள்.

கொப்புளத்தின் மீது அளவு டேப்பை நிறுத்தி, உயரம் படிக்கிற மாதிரி ஒவ்வொரு சுவருக்கும் போட்டோ. ஷீட் சோதனைக்கும் முந்தின நாள், மறுநாள் என இரண்டு. மறு ஆய்வு கேட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சர்வேயருக்கும் மெயில். அவர் வரும்போது ஒரு இடத்தில் மட்டும் உடைத்துக் காட்டி, கூட்டு அளவீட்டில் இருவரும் கையெழுத்து. முழுத் தொகையும் பெற்றதாக எழுதிய டிஸ்சார்ஜ் வவுச்சரில் வீட்டுக்காரர் இப்போது கையெழுத்துப் போடக் கூடாது.

பலர் கேட்க மறப்பது: இந்தப் பாலிசியில் இடிபாடு அகற்ற கிளெய்ம் தொகையில் 2% வரை, ஆர்க்கிடெக்ட், சர்வேயர், ஆலோசனைப் பொறியாளர் கட்டணத்துக்கு 5% வரை உண்டு. வீட்டுக் கடன் இருந்தால் காசோலை பேங்குக்குப் போகலாம், முதலிலேயே கேளுங்கள்.

மறுத்தால் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலும், வந்த பதில் திருப்தி இல்லையென்றாலும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (கம்பெனி மீதான புகாரை விசாரிப்பவர்) போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது, கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

கேள்வி கேட்டவர்

நன்றி சார். கீழ் பிளக் பாயின்ட்கள் தரையிலிருந்து ஓரடியில்தான். ஒயரையும் சேர்க்கலாமா? போர்ட்டிகோ பீமில் கம்பி துருப்பிடித்து கான்கிரீட் உதிர்ந்திருக்கிறது, அதுவும்?

பதில் 2

ஒயர் சேர்க்கலாம், காரணத்தோடு. பூச்சு திறந்திருக்கும்போதே 500 வோல்ட் மெக்கரில் (ஒயர் இன்சுலேஷனை அளக்கும் கருவி) ஒவ்வொரு சர்க்யூட்டையும் சோதியுங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் அந்த ஒயரை மாற்றணும். லைசென்ஸ் எலெக்ட்ரீஷியன் கையெழுத்திட்ட தாளை பில்லோடு இணையுங்கள். பீம் வேண்டாம். இரண்டு நாள் தண்ணீரில் கம்பி அடுக்கடுக்காகத் துரு உரியாது, அது பல வருஷ வேலை. சர்வேயர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார், மற்ற பில் மீதும் நம்பிக்கை போகும்.

கேள்வி கேட்டவர்

மூன்று ஷீட்டும் ஒட்டிப் பார்த்தாச்சு. மூலையும் ஜன்னல் அடியும் லேசான ஈரம். குளியலறைச் சுவரில் மட்டும் முத்து முத்தாக வழிகிறது.

பதில் 1

அது வெள்ள ஈரம் மட்டும் இல்ல சார். குளியலறை வால்வை மூடிட்டு ரெண்டு நாள் கழிச்சு அதே இடத்தில் புது ஷீட் ஒட்டுங்க. குறைஞ்சா பைப் கசிவு. பிளம்பரை வெச்சு பிரஷர் டெஸ்ட் பண்ற வரைக்கும் அந்தச் சுவரை எந்த பில்லிலும் சேர்க்காதீங்க.