வலி மாத்திரையை விடுவதற்கு இன்னொரு மாத்திரையா?

கூடல்நகர்வாசி:
அண்ணனுக்கு வயது 34. லாரி மோதிக் காலில் கம்பி வைத்தபோது வலிக்கு டபென்டடால் எழுதிக்கொடுத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, மாத்திரை நிற்கவில்லை. ஒரு வேளை தவறினாலே கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு. இரவெல்லாம் காலை உதறிக்கொண்டே கிடக்கிறான். மனநல மருத்துவர் இதை விடவைக்கப் புப்ரெனார்ஃபின் என்ற மாத்திரை தருவதாகவும், பல மாதம் சாப்பிட வேண்டியிருக்கும் என்றும் சொல்கிறார். அப்பாவோ, ஊருக்கு வெளியே உள்ள ஒரு மறுவாழ்வு இல்லத்தில் விட்டால் பதினைந்து நாளில் தெளிந்துவிடுவான் என்கிறார். அண்ணன் இருவரிடமும் தலையாட்டுகிறான். என்ன செய்வது?

கரிசல்காடு:
நான் உங்கள் அப்பா பக்கம். புப்ரெனார்ஃபினும் ஓபியாய்டுதான், அதாவது அபின் வகை மருந்துதான் என்று அந்த மருத்துவர் சொன்னாரா? கள்ளை மறக்கச் சாராயம் ஊற்றிக்கொடுக்கிற வைத்தியம் இது. நானும் முதுகுவலிக்கு டிரமடால் என்ற வலி மாத்திரையில் விழுந்து எழுந்தவன்தான். எந்த மருந்தும் இல்லாமல் ஒரே நாளில் விட்டேன். முதல் மூன்று நாள் நரகம். பிறகு சோர்வு. தூக்கம் திரும்பத்தான் மாதக்கணக்கானது. உயிர் ஒன்றும் போய்விடவில்லை.

இரவுப்பணி செவிலி:
ஐயா, நீங்கள் மீண்டதில் மகிழ்ச்சி. ஆனால் டிரமடாலை அப்படி ஒரே நாளில் விடலாம் என்று அடுத்தவருக்கு எழுதாதீர்கள். அது மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் தொடுகிற மருந்து. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குப் பீதி, குழப்பம், இல்லாத உருவங்கள் கண்ணில் படுவது வரை போகும்.

போதை மீட்பு வார்டில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன்: எங்களை அச்சுறுத்துவது பதினாறாம் நாள். பதினைந்து நாள் மாத்திரை படாத உடம்புக்குப் பழைய அளவைத் தாங்கும் சக்தி போய்விட்டிருக்கும்; தேட்டம் மட்டும் அப்படியே இருக்கும். வெளியே வந்து பழைய கணக்கில் விழுங்கி, கூடவே மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சு அடங்கிவிடும்.

புப்ரெனார்ஃபின் மூளையில் அதே ஏற்பிகளில்தான் போய் ஒட்டுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவற்றை அரைகுறையாகத்தான் தூண்டும். ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் மூச்சை அடக்கும் வேகம் பெரிதாக ஏறாது. பிரான்சில் 1995 முதல் பொது மருத்துவர்களே இதை எழுதிக்கொடுக்க அனுமதித்தார்கள். 1999-க்குள் அங்கே போதை மருந்து அளவு மீறிய சாவுகள் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

கரிசல்காடு:
அது ஹெராயின்காரர்களின் கணக்கு அம்மா. கால் முறிந்து மாத்திரை சாப்பிட்ட குடும்பஸ்தன் தலையில் அதை ஏன் கட்டுகிறீர்கள்? தவிர, இதே புப்ரெனார்ஃபினை ஊசியில் ஏற்றிக்கொண்டவர்கள் சென்னையிலேயே இருந்தார்களே, அந்தக் கதையை ஏன் விட்டுவிட்டீர்கள்?

இரவுப்பணி செவிலி:
விடவில்லை. அதனால்தான் இப்போது ஓபியாய்டின் வேலையைத் தடுக்கும் நலோக்சோன் கலந்த மாத்திரை வருகிறது. நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்தால் நலோக்சோன் ஏறக்குறைய வேலை செய்யாது. கரைத்து ஊசியில் ஏற்றினால் போதைக்குப் பதிலாக அவதிதான் வரும்.

மூலைக்கடை மருந்தாளுநர்:
மாத்திரைக்காரர்களைத் தனி இனமாகப் பிரிக்காதீர்கள். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பில் மக்களில் ஹெராயின் எடுப்பவர்கள் 1.14 சதவீதம், மருந்துக்கடை ஓபியாய்டுகள் எடுப்பவர்கள் 0.96 சதவீதம். இரண்டும் அருகருகேதான் நிற்கின்றன. 2018-இல் டிரமடாலைப் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அது விட்ட இடத்தை டபென்டடால் பிடித்துக்கொண்டது. சீட்டில்லாமல் கேட்டு வருபவர்களை நான் தினமும் திருப்பி அனுப்புகிறேன். எல்லாக் கடையும் அனுப்புவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

படிக்கட்டு வக்கீல்:
அப்பா சொல்லும் இல்லத்துக்கு உரிமம் இருக்கிறதா, மருத்துவர் தினமும் வருகிறாரா என்று முதலில் பாருங்கள். அடித்துத் திருத்தும் இடங்கள் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைச் சிகிச்சைக்கும் பொருந்தும். சங்கிலியால் கட்டுவதை 95-ஆம் பிரிவு அடியோடு தடை செய்கிறது.

கரிசல்காடு:
சங்கிலிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் வேண்டும். புப்ரெனார்ஃபினை எப்போது நிறுத்துவார்கள்? ஆரம்பிக்கிற தேதியைச் சொல்கிறவர்கள் முடிகிற தேதியைச் சொல்லி நான் கேட்டதில்லை. அதை நிறுத்தும்போதும் உடம்பு முறுக்கும்தானே?

இரவுப்பணி செவிலி:
முறுக்கும். வேகம் குறைவு, நாள் அதிகம். அதனால் சிறுகச் சிறுகத்தான் குறைப்போம். தேதி முன்கூட்டிச் சொல்வதில்லை, உண்மை. அவசரப்பட்டு நிறுத்தியவர்களில் பெரும்பாலோர் பழையபடி மாத்திரைக்குத் திரும்புவதைப் பார்த்துவிட்டோம். வேலைக்குப் போகிறார், தூங்குகிறார், கடன் வாங்கவில்லை என்றால் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தாலும் எனக்கு வருத்தமில்லை. உங்களுக்கு இருக்கும் என்பது தெரிகிறது.

கரிசல்காடு:
இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் ஒரு மாத்திரையை நம்பியிருப்பதை விடுதலை என்று என்னால் சொல்ல முடியாது.

கூடல்நகர்வாசி:
அப்பாவை வெள்ளிக்கிழமை மருத்துவரிடம் அழைத்துப்போகிறேன். அதுவரை வீட்டில் உள்ள அட்டைகளைப் பிடுங்கி வைத்துவிடலாமா?

இரவுப்பணி செவிலி:
வேண்டாம். பிடுங்கிக் கொடுக்காமலே வைத்தால் வெளியே தேடிப் போவார். அட்டை உங்கள் கையில் இருக்கட்டும். இப்போது எடுக்கும் அளவைத் தாண்டாமல் கொடுங்கள். கடைசியாக எப்போது விழுங்கினார் என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். பழைய மருந்து உடம்பில் இருக்கும்போதே புப்ரெனார்ஃபினைக் கொடுத்தால் அது பழைய மருந்தைத் தள்ளிவிட்டு, அவதியை ஒரே மூச்சில் கிளப்பிவிடும். விலகல் அறிகுறிகள் தொடங்கிய பிறகுதான் முதல் மாத்திரை. இடையில் சந்தேகம் வந்தால் 14446, போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண்.

கரிசல்காடு:
இவ்வளவு பேசினோம், அந்தக் காலில் இன்னும் வலி இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லையே.

கூடல்நகர்வாசி:
இருக்கிறது. மாடிப்படி ஏறினால் முகம் சுளிக்கிறான்.

இரவுப்பணி செவிலி:
அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். புப்ரெனார்ஃபின் வலியையும் தணிக்கும். வலி உள்ளவர்களுக்கு ஒரே வேளையாகக் கொடுக்காமல் நாளுக்கு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுப்பதுண்டு. எலும்பு மருத்துவரிடம் ஒரு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள், கம்பி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்க.