பயோனியர் எஸ்எக்ஸ்-750 ரிசீவர்: இடப்பக்க ஒலி விட்டுவிட்டு வருகிறது, எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்ற வேண்டுமா?

அடையாறு வாசகர் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கப்பலில் பணியாற்றிய என் தாய்மாமா 1970களின் பிற்பகுதியில் சிங்கப்பூரில் வாங்கி வந்த பயோனியர் எஸ்எக்ஸ்-750 ஸ்டீரியோ ரிசீவர் இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. மரப்பெட்டியும் அலுமினிய முகப்பும் நல்ல நிலையில் உள்ளன. ஆனால் பல ஆண்டுகள் பரணில் கிடந்ததால் உள்ளே தூசி படிந்திருக்கிறது. அங்கே வைப்பதற்கு முன்பே அதில் சில குறைகள் இருந்ததாக மாமா சொல்கிறார். இடப்பக்க ஸ்பீக்கரில் ஒலி குறைவாகத் தொடங்கும். வால்யூமைச் சற்று நேரம் கூட்டி வைத்தால் முழு ஒலியும் திரும்பிவிடும். மறுநாள் மீண்டும் அதே நிலைதான். வால்யூம் குமிழைத் திருப்பும்போது கரகரவென்ற சத்தம் வரும். நிலையங்களின் அலைவரிசையைக் காட்டும் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள பல்புகளில் பாதி எரிவதில்லை. பண்பலையில் எந்த நிலையத்தை வைத்தாலும் ஸ்டீரியோ விளக்கு எரிவதே இல்லை.

ஒரு பழுதுபார்க்கும் கடையில் காட்டியபோது, உள்ளே இருப்பதை முழுவதும் அகற்றிவிட்டுப் புதிய ஆம்ப்ளிஃபயர் போர்டு ஒன்றைப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. எனக்குச் சால்டரிங் பழக்கம் உண்டு, டிஜிட்டல் மல்டிமீட்டர் இருக்கிறது, ஆஸிலோஸ்கோப் இல்லை. இதை நானே வீட்டில் சரிசெய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்குவது? இத்தனை வயதான கருவியில் எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களையும் மாற்றியே தீர வேண்டும் என்று சிலர் சொல்கிறார்களே, அது சரிதானா? கருவியை இதுவரை மின்சாரத்தில் இணைக்கவில்லை.

பழைய வானொலி பதில்:

வணக்கம். புதிய போர்டு பொருத்தும் யோசனையை நீங்கள் ஏற்காதது மிக நல்ல முடிவு. 1974இல் அமெரிக்க வர்த்தக ஆணையம், ஆம்ப்ளிஃபயர்களின் திறனை இரு பக்கங்களையும் ஒரே நேரத்தில் தொடர்ந்து இயக்கி அளந்தே விளம்பரப்படுத்த வேண்டும் என்று விதித்தது. அதற்குப் பின் 1976இல் வந்த வரிசையைச் சேர்ந்தது உங்கள் கருவி. பக்கத்துக்கு 50 வாட், 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 0.1 சதவீதத்துக்கு மேற்படாத திரிபு என்று அதில் குறிக்கப்பட்டிருப்பது அந்த விதிப்படி அளந்த எண். நீங்கள் விவரித்த குறைகளில் ஒன்றுகூட, அந்த ஆம்ப்ளிஃபயரைத் தூக்கி எறியும் அளவுக்குப் பெரியதன்று.

மின்சாரத்தில் இணைக்கும் முன் பின்புறத்தில் வோல்டேஜ் தேர்வுப் பகுதியைப் பாருங்கள். ஆசியத் துறைமுகங்களில் விற்ற கருவிகளில் பெரும்பாலும் அது உண்டு. 110இலோ 120இலோ நின்றிருந்தால் நம் ஊர் மின்சாரம் முதல் நொடியிலேயே கருவியை அழித்துவிடும். 220, 240 என்ற இரு நிலைகளும் இருந்தால் 240இல் வையுங்கள். உள் மின்னழுத்தங்கள் சற்றுக் குறைவாக இருப்பது பழைய பாகங்களுக்கு நல்லது.

அடுத்து ஒரு சீரிஸ் பல்பு ஏற்பாடு செய்யுங்கள். பழைய இழை பல்பு, 60 அல்லது 100 வாட், கருவிக்குப் போகும் ஒரு கம்பியின் நடுவே தொடராக இணைக்கப்பட வேண்டும். எல்இடி பல்பு இதற்குப் பயன்படாது. ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், வால்யூமைக் குறைத்து வைத்து இயக்கினால், பெரிய கெபாசிட்டர்கள் நிரம்பும் ஒரு கணம் பல்பு பளிச்சென்று எரிந்து பின் மங்க வேண்டும். மங்காமல் தொடர்ந்து எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது, உடனே அணைத்துவிடுங்கள். பல்பு தொடராக இருக்கும்போது ரிலே (எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் ஸ்பீக்கரை இணைக்கும் பாதுகாப்பு மின்சுவிட்சு) இழுக்காமல் போகலாம். அதைக் கண்டு கவலைப்பட வேண்டாம்.

பல்பை நீக்கி நேராக இணைத்த பிறகு, சில நொடிகளில் ரிலே "டிக்" என்று இழுக்க வேண்டும். இழுத்த பின், ஸ்பீக்கர் இல்லாமலே ஸ்பீக்கர் முனைகளில் டிசி மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். இரு பக்கமும் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் ஸ்பீக்கரை நம்பி இணைக்கலாம். ரிலே இழுக்கவே இல்லையென்றால், அது பெரும்பாலும் ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டில் டிசி வருவதைக் கண்டு தடுத்து நிற்கிறது என்று பொருள். அப்போது ரிலேயைக் கம்பியால் தாண்டி இணைக்கும் வேலையை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

இடப்பக்கக் குறைக்கு வருகிறேன். ஒலி குறைந்து தொடங்கி, வால்யூமைக் கூட்டியதும் திரும்புவது, ரிலேயின் தொடுமுனைகள் கருத்துப்போனதன் அடையாளம். முனையில் படிந்த மெல்லிய படலத்தைச் சிறிய மின்னோட்டம் துளைக்க முடியாது. ஒலியைக் கூட்டும்போது வரும் பெரிய மின்னோட்டம் துளைத்துவிடும். டேப் ரெக்கார்டரிலிருந்து கேட்க உதவும் டேப் மானிட்டர் சுவிட்சு அழுக்கானாலும் இதுபோல் ஒரு பக்கம் மறையலாம். ஆகவே முதலில் அந்தச் சுவிட்சைப் பலமுறை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். அதில் மாற்றம் தெரியவில்லையென்றால், இசை ஓடும்போது ரிலேக்கு முன்னும் பின்னும் ஏசி மின்னழுத்தத்தை அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். மீட்டரின் கிளிப்பைக் கருவி அணைந்திருக்கும்போதே மாட்டிவிடுங்கள். ஓடும் கருவியில் ஊசிமுனை ஒருமுறை வழுக்கினால் போதும், அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் போய்விடும்.

உள்ளே கை வைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பெரிய கெபாசிட்டர்கள் இரண்டையும் தனித்தனியே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு நிமிடம் இறக்கிவிட்டு, மீட்டரில் பூஜ்யத்துக்கு அருகே வந்ததை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஈயமும் இழையும் பதில்:

மேலே சொன்ன பாதுகாப்பு முறைகள் அனைத்தையும் ஏற்கிறேன். எல்லாக் கெபாசிட்டர்களையும் மாற்ற வேண்டுமா என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் உள்ளே ஈரத்தை நம்பி வாழும் பொருள். வெப்பமும் காலமும் அந்த ஈரத்தை உலர்த்தியே தீரும். சென்னை போன்ற ஊரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்த ஒன்றை இன்று மீட்டரில் சரியாகக் காட்டுகிறது என்பதற்காக விட்டுவைத்தால், அடுத்த கோடையில் மீண்டும் பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். இந்த வரிசைக் கருவிகளில் பல கம்பிகள் சால்டர் செய்யப்படாமல் ஊசிகளில் சுற்றி இணைக்கப்பட்டவை. போர்டை ஒவ்வொரு முறை புரட்டும்போதும் அவற்றில் ஒன்று முறியும் அபாயம் உண்டு. எனவே ஒரு போர்டை வெளியே எடுத்தால் அதிலுள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் அனைத்தையும் அப்போதே மாற்றிவிடுவது சிக்கனம்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. 105 டிகிரி வெப்பம் தாங்கும் வகையையே வாங்குங்கள். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 1 மைக்ரோஃபாரடும் அதற்குக் குறைந்தவையும் ஒலிப் பாதையில் இருந்தால் அவற்றின் இடத்தில் ஃபிலிம் கெபாசிட்டர் வைக்கலாம், அது உலர்ந்துபோகாது. போர்டில் அச்சிட்டிருப்பது நேர்முனைக் குறியா எதிர்முனைக் குறியா என்பதை ஒவ்வொரு இடத்திலும் பார்த்துக்கொள்ளுங்கள், ஏனெனில் புதிய கெபாசிட்டரின் உடலில் உள்ள பட்டை எதிர்முனையைக் காட்டும். ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதே பாதுகாப்பு. தொடங்கும் முன் எல்லாப் பக்கங்களிலிருந்தும் புகைப்படம் எடுத்து வையுங்கள்.

இன்னொரு முக்கியமான இடம் டிரான்சிஸ்டர்கள். அந்தக் காலப் பயோனியர் கருவிகள் பலவற்றில் உள்ள 2எஸ்ஏ726 என்ற சிறிய டிரான்சிஸ்டரின் வெள்ளி பூசிய கால்கள் காற்றிலுள்ள கந்தகத்தால் கருத்து, இசைக்கு நடுவே வெடிப்பதும் பொரிவதும் போன்ற சத்தத்தைத் தரும். கடற்கரைக்கு அருகில் இருந்த கருவியில் இதைக் கட்டாயம் பாருங்கள். சர்வீஸ் மேனுவலின் பாகப் பட்டியலில் அந்த எண் இருந்தால், கேஎஸ்ஏ992 பொருத்தமான மாற்று. கால்களின் வரிசையும் ஒன்றேதான். பிசி560 போன்றவற்றை வைத்தால் கால் வரிசை மாறிவிடும்.

பாகங்களின் அடியில் பழுப்பாகிப்போன பசை இருந்தால் அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒட்டும்போது வெளிர் மஞ்சளாக இருந்த அது, சூட்டில் பழுத்தபின் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். அருகிலுள்ள கால்களையும் அரித்துவிடும். ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும் என்றாலும், பெயர்பெற்ற நிறுவனங்களின் கெபாசிட்டர்களுக்குப் போலிகள் ஏராளம். ஆகவே அவற்றை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள்.

பழைய வானொலி பதில்:

கருத்த கால்களைப் பற்றியும் பசையைப் பற்றியும் நண்பர் சொன்னவை மிகவும் பயனுள்ளவை. நான் வேறுபடுவது வரிசையில் மட்டுமே. எதையும் அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால், அதன் பின் ஒரு குறை தெரியும்போது அது பழைய குறையா, நம் கையால் வந்ததா என்று கண்டுபிடிக்க வழியே இருக்காது. நல்ல மருத்துவர் நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை. முதலில் கருவியை உள்ளபடியே இயங்க வைத்து, அதன் அளவுகளை எழுதி வைத்துக்கொண்டு, பின் ஒவ்வொரு போர்டாக மாற்றுங்கள். ஒரு போர்டு முடிந்ததும் இயக்கி அதே அளவுகளை மீண்டும் எடுங்கள்.

பெரிய வடிகட்டிக் கெபாசிட்டர்கள் இரண்டும் பெரும்பாலும் நீண்ட காலம் தாங்குபவை. மேற்புறம் வீங்கவில்லை, அடியில் கசிவில்லை, ஸ்பீக்கரில் 100 ஹெர்ட்ஸ் உறுமல் இல்லை என்றால் அவற்றை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை. அதைவிட முன்னதாகக் கவனிக்க வேண்டியவை ஓய்வு மின்னோட்டத்தை, அதாவது இசை இல்லாதபோதும் அவுட்புட் டிரான்சிஸ்டர்களில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் ட்ரிம்மர்கள் எனும் சிறு திருகு ரெசிஸ்டர்கள். அவை திறந்த வகை. உள்ளே துருவேறி, திருப்பும் முனை தொடர்பை இழந்தால், பல சுற்றுகளில் ஓய்வு மின்னோட்டம் எல்லை மீறி ஏறி, அவுட்புட் டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். அவற்றை மூடிய வகையாக மாற்றி, மேனுவல் சொல்லும் இடத்தில் எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட்டை அளந்து அமையுங்கள். அரை ஓம் ரெசிஸ்டரின் குறுக்கே 10 மில்லிவோல்ட் தெரிந்தால் 20 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. இலக்கு எண்ணை மேனுவலிலிருந்து மட்டுமே எடுங்கள். கருவி நன்றாகச் சூடேறிய பிறகு மறுபடியும் பாருங்கள்.

கரகரப்புக்கு வால்யூம் கன்ட்ரோலின் உள்ளே செல்லும்படி அதற்கென்றே உள்ள கிளீனரைச் சிறிதளவு தெளித்துப் பலமுறை திருப்பினால் போதும். டியாக்ஸிட் வகையில் சுவிட்சுகளுக்கு டி5, கார்பன் பாதை கொண்ட குமிழ்களுக்கு எஃப்5. வீட்டில் கதவுக் கீலுக்குத் தெளிக்கும் டபிள்யூடி-40ஐத் தயவுசெய்து இதில் பயன்படுத்த வேண்டாம்.

அடையாறு வாசகர்:

இருவருக்கும் மிக்க நன்றி. வோல்டேஜ் தேர்வு 220இல் இருந்தது; 240க்கு மாற்றினேன். சீரிஸ் பல்பு முறையாக மங்கியது. நேரடி மின்சாரத்தில் ரிலே இழுத்தது. டிசி அளவு இடப்பக்கம் 14, வலப்பக்கம் 31 மில்லிவோல்ட். டேப் மானிட்டர் சுவிட்சால் மாற்றம் எதுவும் இல்லை. ரிலேக்கு முன் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு ஏசி இருக்கிறது. ரிலேக்குப் பின் இடப்பக்கத்தில் அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. ஆகவே நீங்கள் சொன்னதுதான் காரணம் என்று தெரிகிறது. ரிலேயின் முனைகளை உப்புத்தாளால் தேய்க்கலாமா, புதிதே வாங்கிவிடலாமா? எரியாத பல்புகளுக்கு எல்இடி போடலாமா? ஸ்டீரியோ விளக்கைப் பற்றி யாராவது வழிகாட்டினால் உதவியாக இருக்கும்.

ஈயமும் இழையும் பதில்:

உப்புத்தாள் வேண்டாம், முனையின் பூச்சு போய்விட்டால் சில மாதங்களில் மீண்டும் கருக்கும். தடித்த வெள்ளைத் தாள் துண்டில் கிளீனரை நனைத்து, முனைகளுக்கு நடுவே வைத்து மெல்ல இழுத்தால் தற்காலிகமாகச் சரியாகும். நிரந்தரமாகப் புதிய ரிலேதான். காயில் வோல்ட்டைப் பழைய ரிலேயின் மேலேயே படித்து, அதே அளவில், இரண்டு தனித்தனி இணைப்புகளை மாற்றும் வகையாக வாங்குங்கள். இப்போது கிடைப்பவற்றின் கால் இடைவெளி வேறாக இருக்கலாம். வாங்கும் முன் அளந்துவிடுங்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் உள்ளவை ஃபியூஸ் வடிவ பல்புகள். மூடியில் அச்சிட்டுள்ள வோல்ட்டையும் மில்லிஆம்பியரையும் பார்த்து வாங்கலாம். எல்இடி போட்டால் வெப்பம் குறையும் என்பது உண்மை; ஆனால் குளிர்ந்த வெள்ளை நிறம் இந்தக் கருவியின் முகத்தைக் கெடுத்துவிடும். என் விருப்பம் இழை பல்புதான். அலைவரிசைக் கண்ணாடியின் உட்புற எழுத்துகளை ஈரத் துணியாலோ ஆல்கஹாலாலோ துடைக்காதீர்கள். எழுத்துகள் கையோடு வந்துவிடும், மீண்டும் அச்சிட முடியாது. மென்மையான தூரிகை போதும்.

பண்பலை ஆர்வலர் பதில்:

ஸ்டீரியோ விளக்குக்கு முதல் சந்தேகம் ஆன்டெனா, இரண்டாவது அந்தச் சிறிய பல்பு, மூன்றாவதுதான் உள்ளமைப்பு. 300 ஓம் தட்டைக் கம்பியால் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் அகலமுள்ள டி வடிவ ஆன்டெனா செய்து மாட்டி, சென்னையில் 101.4 மெகாஹெர்ட்ஸில் வரும் ரெயின்போ போன்ற வலுவான நிலையத்தில் சிக்னல் மீட்டர் நன்றாக ஏறுகிறதா என்று பாருங்கள். பண்பலைத் தேர்வு மோனோவில் இல்லையா என்பதையும் பாருங்கள். மீட்டர் ஏறியும் விளக்கு எரியவில்லையென்றால், ஹெட்ஃபோனில் கேளுங்கள்: இடமும் வலமும் பிரிந்து ஒலித்தால் பல்பு மட்டுமே போயிருக்கிறது.

இரு காதிலும் ஒரே ஒலி வந்தால், ஸ்டீரியோ பிரிப்புச் சுற்றின் அதிர்வெண் நகர்ந்திருக்கலாம். ஸ்டீரியோ ஒலிபரப்பு என்பதைக் காட்ட நிலையம் அனுப்பும் 19 கிலோஹெர்ட்ஸ் பைலட் அலையோடு அது பூட்டிக்கொள்ள வேண்டும். மேனுவல் குறிப்பிடும் சோதனை முனையில் அதிர்வெண் மீட்டரை வைத்து, அங்கே சொல்லப்பட்ட எண்ணுக்கு ஒரே ஒரு ட்ரிம்மரை நகர்த்தினால் பெரும்பாலும் விளக்கு எரிந்துவிடும். இப்போது பல மல்டிமீட்டர்களிலேயே அதிர்வெண் அளக்கும் வசதி உண்டு. ட்யூனர் போர்டில் உள்ள உலோகக் கூடுகளின் நடுவே தெரியும் வண்ணத் திருகுகளை மட்டும் சிக்னல் ஜெனரேட்டர் இல்லாமல் தொடாதீர்கள். உள்ளிருக்கும் ஃபெரைட் எளிதில் உடையும். உடையாவிட்டாலும், பழைய இடத்துக்குக் கண்ணால் பார்த்துத் திருப்பிவிட முடியாது.

உங்கள் மீட்டரில் அதிர்வெண் வசதி இருந்தால், ட்ரிம்மரைத் தொடும் முன் அது இப்போது என்ன எண் காட்டுகிறது என்பதை இங்கே எழுதுங்கள். எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.