பிரஸ் ரோல்: அழுத்துருளையா, பிழியுருளையா?

அன்பர்களுக்கு வணக்கம்.

காகித எந்திரச் சொற்பட்டியலில் பிரஸ் ரோலுக்கு ‘அழுத்துருளை’ என்று போட்டிருக்கிறோம். மாற்ற வேண்டும். அதே எந்திரத்தின் கடைசியில் காலண்டர் உருளைகளும் தாளை அழுத்துகின்றன. ஆனால் அங்கே நோக்கம் வழவழப்பும் சீரான தடிமனும்தான். பராமரிப்புக் குறிப்பேட்டில் ‘அழுத்துருளையைக் கழற்று’ என்று எழுதினால் ஆளுக்கொரு உருளையிடம் போவார்கள்.

பிரஸ் பகுதி செய்வது பிழிதல். கூழ் தாளாகப் படியும் கம்பிவலையை விட்டு வரும் ஈரத்தாளில் திடப்பொருள் ஏறக்குறைய 20 விழுக்காடு, அதாவது ஒரு கிலோ நாருக்கு 4 கிலோ தண்ணீர். பிழிந்து 45 விழுக்காட்டுக்குக் கொண்டுவந்தால் மீதி 1.22 கிலோதான். அதற்குமேல் நீராவிச் செலவு. 40 விழுக்காட்டை 41 ஆக்கினாலே, உலர்த்தி போக்க வேண்டிய நீர் சுமார் 4 விழுக்காடு குறைகிறது. ஆகவே ‘பிழியுருளை’.

———

> ஆகவே ‘பிழியுருளை’.

முறுக்குப் பிழிவதும் பிழிதல்தானே? நாளை எக்ஸ்ட்ரூஷனுக்குச் சொல் கேட்டால் என்ன செய்வது?

இன்னொன்று: பட்டியலில் ‘நிப்’ என்ற சொல்லை அப்படியே விட்டிருக்கிறீர்கள். தமிழில் நிப் என்றால் பேனா முள். இரண்டு உருளைகள் தாளைக் கவ்வும் இடத்துக்கு ‘இடுக்கு’ போதாதா?

———

எக்ஸ்ட்ரூஷனுக்குப் ‘பிதுக்கம்’ இருக்கிறது, மோதல் வராது.

இடுக்கு என்பது வெறும் சந்து. இங்கே வேலை நடக்கிறது. நுழைவில் முதலில் தாளிலும், அதோடு சேர்ந்து ஓடி நீரை வாங்கும் துணியான ஃபெல்ட்டிலும் உள்ள காற்று வெளியேறும். தாள் நீரால் நிறைந்ததும் நீரழுத்தம் ஏறி, நீர் ஃபெல்ட்டுக்குள் பாயும். அங்கிருந்து உருளையின் பள்ளங்களுக்கோ துளைகளுக்கோ போகும். நடுப்புள்ளியைக் கடந்த சற்று நேரத்தில் தாள் மிக உலர்ந்த நிலையை அடையும். பிறகு இரண்டும் விரியும்போது தாள் ஃபெல்ட்டிலிருந்து நீரைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். பிழிந்ததில் ஒரு பங்கு வீண். மெல்லிய தாளில் இந்த இழப்பு அதிகம். அதனால்தான் வெளியே வந்ததும் தாளையும் ஃபெல்ட்டையும் பிரித்துவிடுகிறார்கள். கவ்விப் பிழியும் இடம் ‘பிழிவாய்’, திரும்ப நனைவது ‘மீளீரம்’ என்பது என் பரிந்துரை.

———

பிழிவாய் நன்று. ஃபெல்ட்டை மட்டும் ஒலிபெயர்ப்பாக விடாதீர்கள். ஷூ பிரஸ்ஸில் (ஒரு பக்கம் குழிந்த தாங்கி வைத்த பிரஸ்) ஃபெல்ட்டும் உண்டு, பெல்ட்டும் உண்டு. ஆய்த எழுத்தை நம்பி இரண்டையும் வேறுபடுத்துவது அச்சில் சரி. எந்திர இரைச்சலில் யார் காதில் விழும்? கம்பளி என்பதும் இனிப் பொருந்தாது, இப்போது எல்லாம் நைலான். காயத்தை ஒற்றி எடுப்பதுபோல நீரை வாங்குவதால் ‘ஒற்றாடை’ எனலாம்.

———

‘ஒற்றை ஆடை’ என்று படிக்கிறது. ‘ஒற்றுத்துணி’ என்றால் குழப்பமில்லை.

ஷூ பிரஸ்ஸுக்கு ‘காலணி அழுத்தி’ என்று யாரோ பட்டியலில் சேர்த்திருப்பதைத் தயவுசெய்து நீக்குங்கள். உருளையின் வளைவுக்கு ஏற்பக் குழிந்த தாங்கி அது, பிழிவாயை நீளமாக்குகிறது. நிமிடத்துக்கு 600 மீட்டர் ஓட்டத்தில், 4 செ.மீ. உருளைப் பிழிவாயில் தாள் இருப்பது 4 மில்லி விநாடி. 25 செ.மீ. தாங்கியில் 25 மில்லி விநாடி. கரும்புச் சக்கைக் கூழில் இதன் அருமை தெரியும்: சோற்றித்துகளும் (தண்டின் உள்ளிருக்கும் மென்சோற்றின் துகள்) நுண்நாரும் நீரை எளிதில் விடா. அவசரப்பட்டு முதல் பிழிவாயிலேயே பளுவை ஏற்றினால், வெளியேற வழியில்லாத நீர் தாளுக்குள்ளேயே ஓடி நார்களை இடம்பெயர்க்கும், தாள் நசுங்கிவிடும். எனவே பளுவை முதல் பிழிவாயில் குறைத்து, அடுத்தடுத்து ஏற்ற வேண்டும். ‘குழிதாங்கிப் பிழிவி’ என்று வைக்கலாம்.

———

குழிதாங்கி சரி, ‘பிழிவி’ வேண்டாம். ஏவல் வினையாகவும் படிக்கலாம். ‘குழிதாங்கிப் பிழிபொறி’ என்று திருத்தி, பிழியுருளை, பிழிவாய், மீளீரம், ஒற்றுத்துணி ஆகியவற்றோடு பட்டியலில் ஏற்றுகிறேன். நசுங்கலுக்குப் புதுச்சொல் தேவையில்லை.