வளைகுடாப் போர் முன்னாள் வீரரின் மூளைச் சோர்வு: மறதி நோயின் தொடக்கமா?

மீனா (கேள்வி):
என் மாமனார் அமெரிக்கர். 1991 வளைகுடாப் போரில் தரைப்படையில் பணியாற்றியவர். அவருக்கு நாட்பட்ட சோர்வு நோய்க்குறி இருப்பதாக மருத்துவர்கள் உறுதிசெய்து பல ஆண்டுகளாகின்றன. காலையில் செய்தித்தாளை வரி விடாமல் படித்து அரசியல் பேசும் அவர், ஒரு நாள் கடைக்குச் சென்று வந்தால் மறுநாள் காபிக் கோப்பையை மைக்ரோவேவில் வைத்துவிட்டு, எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் நிற்கிறார். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து போய்விடுகிறார். ஆனால், நினைவாற்றல் சோதனையில் 30-க்கு 28 பெற்றார். இது டிமென்ஷியாவா, அதாவது மறதி நோயா?

செல்வி (நரம்பு உளவியல் பரிசோதனைத் துறை):
நேரில் பார்க்காமல் முடிவு சொல்ல இயலாது. எனினும், அந்தச் சிறு சோதனை பெரும்பாலும் டிமென்ஷியாவைச் சல்லடையிடுவதற்கானது. வேகத்தை அது சரியாக அளப்பதில்லை. நாட்பட்ட சோர்வு நோய்க்குறியில் பொது அறிவுத்திறன் பெரும்பாலும் குறைவதில்லை; தகவலை உள்வாங்கும் வேகமும், கவனமும், கேட்டதை மனத்தில் தாங்கியபடியே அடுத்ததைச் செய்யும் திறனுமே தளர்கின்றன. எங்களிடம் ஒரு சோதனை உண்டு: மூன்று நொடிக்கு ஓர் எண் ஒலிக்கும், ஒவ்வொன்றையும் அதற்கு முன் கேட்ட எண்ணோடு கூட்டிச் சொல்ல வேண்டும். ஏழு, நான்கு, ஒன்பது என்றால் பதினொன்று, பதின்மூன்று. கணக்கு எளிது, வேகம்தான் ஆளைத் திணறடிக்கும். அவர் மைக்ரோவேவின் முன் நின்றுகொண்டிருந்தார் என்பதையும் கவனியுங்கள்: இந்நோயாளிகள் பலருக்கு நிற்கும்போது சிந்தனை மேலும் மங்கும்.

இராசேந்திரன்:
எல்லாவற்றையும் ஒரே நோயின் தலையில் கட்டிவிட வேண்டாம், அம்மா. குறட்டையோடு கூடிய மூச்சுத்தடை, மனச்சோர்வு, போர்க்கால மனவடு, பழைய தலைக்காயம், உட்கொள்ளும் மாத்திரைகள் என எதுவும் இதே தோற்றத்தைத் தரலாம். மேலும், அந்தப் போருக்குச் சென்ற ஏறத்தாழ 7 லட்சம் அமெரிக்கர்களில் நால்வரில் ஒருவருக்காவது வளைகுடாப் போர் நோய் இருப்பதாக 2008-இல் அரசு ஆலோசனைக் குழு கூறியது. நரம்பு வாயு என்னும் நச்சு ஆயுதத்துக்கு முற்காப்பாகத் தரப்பட்ட பிரிடோஸ்டிக்மைன் மாத்திரைகளும் பூச்சிக்கொல்லிகளுமே முதன்மைக் காரணங்கள் என்பது அதன் முடிவு. சோர்வும் சிந்தனைக் குழப்பமும் அந்நோய்க்கும் உரியவை.

மீனா:
அவருக்குக் குறட்டை உண்டு. உறக்கப் பரிசோதனை கேட்கிறேன். விரிவான சோதனைக்கு முந்தைய நாள் அவரைக் கடைக்கு அழைத்துச் செல்லட்டுமா? அப்போதாவது உண்மை நிலை தெரியுமே.

செல்வி:
வேண்டாம். உழைப்புக்குப் பின் வரும் சரிவு சிலருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும். சோதனைக்காக அதை வரவழைப்பது கொடுமை. இரண்டு வாரம், எந்த நாளில் என்ன செய்தார், மறுநாள் எப்படி இருந்தார் என்று குறித்து அந்த ஏட்டைப் பரிசோதகரிடம் கொடுங்கள். பாதியில் ஓய்வு கேட்கவோ, இரு நாட்களாகப் பிரிக்கவோ தயங்க வேண்டாம்.

மீனா:
ஏட்டை அவரே வாங்கிக்கொண்டார். செவ்வாய்க்கிழமைக்கு எதிரே 'பல் மருத்துவர், பின்பு வங்கி' என்று தெளிவாக எழுதியிருக்கிறார். புதன்கிழமைக்கு எதிரே ஒன்றும் இல்லை.