நர்ஸ் டூட்டில பாதி நேரம் எழுதுறதுலயே போவுது, வெளிநாட்லயும் இப்படித்தானா?

கும்மோணம்_பொண்ணு:
ப்ரைவேட் ஆஸ்பத்திரில மெடிக்கல் வார்டு பாக்குறேன். ஹேண்டோவர் (ஷிப்ட் மாறுறப்ப அடுத்த நர்ஸுகிட்ட பேஷண்ட் விவரம் ஒப்படைக்கிறது), டிரக் சார்ட், இன்டென்ட் (ஸ்டோர்ல மருந்து, சாமான் கேட்டு எழுதுறது), லேபுக்கு போன், ஒருத்தர் டிஸ்சார்ஜ்னா பில்லிங், இன்சூரன்ஸ் பேப்பர்னு ஓடிக்கிட்டே இருக்கு, பேஷண்ட் பக்கத்துல இல்லாம அவருக்காக செய்யுற இந்த வேலையத்தான் காலேஜ்ல இன்டைரக்ட் கேர்னு சொல்லிக் குடுத்தாங்க, ஆனா இவ்ளோ இருக்கும்னு சொல்லல. வெளில வேல பாக்குற அக்கா அண்ணன்லாம் சொல்லுங்க, அங்க எப்படி?

மன்னார்குடியான்:
அமெரிக்காலேர்ந்து சொல்றேன்மா, எழுதுறது இங்கயும் விடாது. 2008ல 36 ஆஸ்பத்திரில நர்ஸுங்க நேரத்த அளந்து ஒரு ஆய்வு வந்துச்சு, வேலை நேரத்துல ரெக்கார்டு எழுதவே 35 சதவீதம், நேரா பேஷண்ட் கேருக்கு 19 தான். ஒரு பாரசிட்டமால் குடுக்கணும்னா கைப்பட்டைய ஸ்கேன் பண்ணு, மாத்திரைய ஸ்கேன் பண்ணு, வலி எவ்ளோன்னு கேட்டு டிக் பண்ணு, அப்புறம் திரும்பப் போயி குறைஞ்சுதான்னு இன்னொரு டிக். ஆனா நான் இருக்குறது கலிஃபோர்னியா, 2004லேர்ந்து ரேஷியோ சட்டம் அமல்ல இருக்கு, மெடிக்கல் வார்டுல ஒரு நர்ஸுக்கு இப்ப 5 பேருக்கு மேல தர முடியாது. 5 பேருக்கு எழுதுறதும் உங்க வார்டுல எழுதுறதும் ஒண்ணா?

திருவாரூர்_சிஸ்டர்:
சதவீதத்த மட்டும் பாத்தா ஏமாந்துடுவோம். நம்ம பக்கம் துடைச்சு விடுறது, கஞ்சி ஊட்டுறது, பெட்பேன் வைக்கிறது எல்லாம் யாரு? வலங்கைமான்லேர்ந்து கூட வந்த பொண்டாட்டியோ மகளோதான், ராத்திரி கட்டிலுக்கு கீழ பாய விரிச்சு படுத்துகிட்டு. அங்க அது நர்ஸிங் நேரம், இங்க எந்தக் கணக்குலயும் வராது. அப்ப நம்ம கையில மிஞ்சுறது ஊசி, டிரிப்பு, ரிஜிஸ்டர். இந்தியன் நர்ஸிங் கவுன்சில் நார்ம்ஸ்படி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி ஜெனரல் வார்டுல 3 பேருக்கு ஒரு நர்ஸு, நைட் டூட்டில அத கண்ணால பாத்தவங்க யாராச்சும் இருந்தா கைய தூக்குங்க 😄

மாயவரம்_அக்கா:
சிஸ்டர் சொல்றது கரெக்ட். நான் யூகே. குளிப்பாட்டுறதுக்கு ஹெல்த்கேர் அசிஸ்டண்ட் இருக்காங்க, நாங்களும் சேர்ந்துதான் செய்வோம். பேப்பர்னு பாத்தா விழுந்துருவாரா, படுக்கைப்புண் வருமா, ஒழுங்கா சாப்புடுறாரான்னு ஆளுக்கு ஆளு ரிஸ்க் ஃபார்ம். எனக்கு அத விட தலைவலி டிஸ்சார்ஜ்தான். நம்ம ஊர்ல மருமவன் கார எடுத்துகிட்டு வந்து நிப்பாரு, இங்க தனியா இருக்குற தாத்தாவ வீட்டுக்கு அனுப்பணும்னா காலைல எழுப்பி உடுப்பு மாத்த யாரு வருவா, நாலு வேளை மாத்திரைக்கு யாருன்னு சோசியல் ஒர்க்கர்கிட்ட போன் மேல போன், அது முடியிற வரைக்கும் உடம்பு சரியான ஆளு பெட்டுலயே கெடப்பாரு. இதெல்லாமும் இன்டைரக்ட் கேர்தான் தங்கச்சி.

கும்மோணம்_பொண்ணு:
சூப்பர்க்கா, மருமவன் மேட்டர் யோசிக்கவே இல்ல. மன்னார்குடி அண்ணா, அங்க வரணும்னா என்கிளெக்ஸ், அதான் அந்த நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை, எழுதணும்ல?

மன்னார்குடியான்:
ஆமாம்மா. அதோட காலேஜ்லேர்ந்து டிரான்ஸ்கிரிப்ட் (படிச்ச பாடம், மார்க் விவரம்) வாங்குற வேலைய இப்பவே ஆரம்பி, அது இழுக்கும்.